சானடோரியத்திலிருந்து தெருமுனைக்கு: மனவடு மருத்துவத்தின் கதை

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் நிற்கும் நிலையம் ஒன்றின் பெயர் சானடோரியம். மாடம்பாக்கத்திலும் சேலையூரிலும் வசிக்கும் நாம் அந்தப் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருப்போம். அது ஒரு மருத்துவ முறையின் பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்கு வந்தது. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நகரத்தின் நெரிசலை விட்டு விலகிய இடம், நல்ல காற்று, சத்துணவு, மாதக்கணக்கில் ஓய்வு: இவையே சிகிச்சை. நோயாளி தன் வீட்டையும் தெருவையும் விட்டுப் போனால்தான் பிழைப்பான் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கையை உடைத்ததும் சென்னைதான். 1956-ல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையத்தை நிறுவின. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் தங்கவைத்தும், மற்றொரு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான ஏழை வீடுகளிலேயே இருக்கவிட்டும், இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்களால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். மருத்துவம் தொலைவிலிருந்து தெருமுனைக்கு இறங்கி வந்தது.

நுரையீரலின் நோய் இறங்கி வந்த இந்தப் பாதையில் மனத்தின் காயம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பேரழிவையோ போரையோ வன்முறையையோ கண்ட ஒருவர், நிகழ்ச்சி முடிந்து வெகுகாலம் ஆன பின்னும் அதிலிருந்து வெளிவர முடியாமல் தவிக்கும் நிலையைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குச் சிகிச்சை என்றவுடன் பெருநகரத்து மனநல மருத்துவரையும் மூடிய அறையையும்தான் நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் நம் பகுதியின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. போபாலிலும் யாழ்ப்பாணத்திலும் நாகப்பட்டினத்திலும் இந்தக் காயத்தை முதலில் எதிர்கொண்டவர் சாதாரண வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்திருந்த பொது மருத்துவரும், செவிலியரும், சில வாரங்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரும்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் இந்நிலையை 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர் இது. எந்த நோயாளியும் தன் வாயால் சொல்லப் போவதில்லை. ஈழத்து மருத்துவர்கள் 'மனவடு' என்றார்கள். நமக்கு வடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் மாவடுதான். ஆனால் புண்ணுக்கும் வடுவுக்கும் வேறுபாடு காட்டிய குறளைப் பள்ளியில் படிக்காதவர் யார்? புண் ஆறும், வடு, ஆறிய பின்னும் நிற்கும். ஒரு மருத்துவக் கருத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொல் பிற மொழிகளில் எளிதில் வாய்க்காது.

இந்த வடுவை மருத்துவம் கண்டுகொண்டது முதல் உலகப் போரில். 1915-ல் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். அவருடைய ஆசிரியரும் நண்பருமான ரிவர்ஸ், ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனம் சிதைந்த ராணுவ அதிகாரிகளைக் கவனித்து வந்தார். 1917-ல் அங்கே அவரிடம் வந்தவர்களில் ஒருவர் கவிஞர் சீக்ஃப்ரிட் சசூன். பாட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' நாவலைப் படித்தவர்கள் ரிவர்ஸை அறிவார்கள். அந்த ரிவர்ஸ் 1901-02-ல் நம் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1906-ல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரியில் ஒரு சமூகத்தின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் பொறுமையாகக் கேட்டு எழுதியவர், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நினைவை அடக்கி வைக்கச் சொல்வது காயத்தை ஆழமாக்கும் என்று போர் மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். கேட்பதே ஒரு தொழில் என்று அறிந்திருந்த மனிதர் அவர்.

ஆயினும் போர் முடிந்ததும் மருத்துவ உலகம் அந்தப் பாடத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. வியட்நாம் போருக்குப் பின், 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டு மூன்றாம் பதிப்பில் இந்நோய் தனிப் பெயரோடு இடம் பெற்றது. அதன் முகம் மூன்று: நடந்தது கனவிலும் விழிப்பிலும் இப்போதே நடப்பதுபோல் மீண்டும் வருவது, அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்பதுபோல் உடல் எப்போதும் விறைத்து நிற்பது. இவை வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய். முதல் சில நாட்களின் தூக்கமின்மையும் அழுகையும் நோயல்ல, மனித இயல்பு.

பெயர் வைத்து நான்கு ஆண்டுகளில் இந்தியாவுக்குச் சோதனை வந்தது. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தது. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருத்துவர்கள் விரைந்தார்கள். மனத்தைப் பற்றி எவரும் உடனே நினைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து லக்னோவிலிருந்து பேராசிரியர் சேத்தியின் தலைமையில் வந்த மனநல மருத்துவக் குழு, எரிவாயு பாதித்த பகுதிகளின் பொதுச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களைப் பரிசோதித்தது. இருமல், மூச்சுத்திணறல் என்று வந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கும் மேலானோரிடம் சிகிச்சை தேவைப்படும் மனநோய் காணப்பட்டது. அவர்களில் எவரும் 'என் மனம் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அல்லர்.

இத்தனை பேருக்கு மனநல மருத்துவர்களை எங்கிருந்து கொண்டுவருவது? பெங்களூரு மனநல நிறுவனத்தின் சீனிவாச மூர்த்தியும் அவருடைய சகாக்களும் எடுத்த முடிவு வரலாற்று முக்கியத்துவம் உடையது. 1985-ல் அங்கே பணியிலிருந்த பொது மருத்துவர்களையே அழைத்து, மனநலப் பிரச்சினைகளை அடையாளம் காணவும், பேசவும், எளிய மருந்துகளைக் கையாளவும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கான விதை முன்பே போடப்பட்டிருந்தது. 1978-ன் அல்மா அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை உலகின் குறிக்கோளாக்கியது. 1982-ல் இந்தியாவின் தேசிய மனநலத் திட்டம், மனநலச் சேவையை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்க வேண்டும் என்றது. பெல்லாரி மாவட்டத்தில் அதைச் செய்து பார்த்து, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமாக நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அந்த நான்கில் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி.

போபால் ஒரே இரவின் அழிவு. கால் நூற்றாண்டுக்கு மேல் நீளும் அழிவில் இதே கேள்வி எழுந்தால் என்ன செய்வது? அதற்கு விடை தேடிய இடம் யாழ்ப்பாணம். போரின் பல ஆண்டுகளில் வட மாகாணம் முழுவதற்கும் மனநல மருத்துவர் என்று இருந்தவர் ஏறத்தாழ தயா சோமசுந்தரம் ஒருவரே. ரஜனி திராணகம முதலானோரோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர்; ரஜனி 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனையும் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை நடத்திய தாக்குதலில் நோயாளிகளோடு மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டனர். காயத்தைக் கவனிக்க வேண்டியவர்களே காயம்பட்டவர்களாக இருந்த ஊர் அது. இதை எழுதும்போது இந்தியத் தமிழர்களாகிய நாம் கொஞ்சம் தலைகுனிந்தே எழுத வேண்டியிருக்கிறது.

சோமசுந்தரமும் சிவயோகனும் சாதாரணக் குடிமக்களிடையே நடத்திய ஆய்வு 1994-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. கேட்கப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினரிடம் போரின் உளப்பாதிப்புகள் இருந்தன. மனவடு நோய் 27 விழுக்காடு. ஆனால் எல்லாவற்றிலும் அதிகமாக, 41 விழுக்காட்டினரிடம் இருந்தது மனத்தின் வலி உடம்பின் வலியாக வெளிப்படும் நிலை. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு, கை கால் விறைப்பு, பெருமூச்சு. நம் மொழியில் துக்கம் நெஞ்சை அடைக்கும், வயிற்றைப் பிசையும், அடிவயிற்றில் நெருப்பாக எரியும். மனம் என்று தனியே ஓர் உறுப்பை நாம் சுட்டிப் பேசுவது குறைவு. ஆகவே காயம்பட்டவர் மனநல மருத்துவரைத் தேடிப் போவதில்லை. பொது மருத்துவரிடம் நெஞ்சு வலி என்று வருகிறார். அவர் இதயத் துடிப்பை வரைந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று வலிக்கு மாத்திரை எழுதி அனுப்புகிறார். அடுத்த வாரம் மறுபடி வருகிறார். இந்தச் சுற்றை எங்கேயாவது உடைக்க வேண்டுமானால், அது அந்தப் பொது மருத்துவரின் மேசையில்தான் உடைக்கப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அதைத்தான் முயன்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அகதிகளின் மனநலம் பற்றி வெளியிட்ட கையேட்டைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார்கள். சாந்திகம் நிறுவனம் 2000-ல் அதை வெளியிட்டது. ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், கிராமத் தலைவர்கள் பயிற்சி பெற்றார்கள். அங்கே மூச்சுப் பயிற்சியும், தசைகளைத் தளர்த்தும் சாந்தி ஆசனமும் சிகிச்சையின் பகுதியாயின. மனத்தை அடக்க ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையில், சைவர் தம் மந்திரத்தையும் கிறித்தவர் தம் செபத்தையும் இசுலாமியர் தம் திக்ரையும் சொல்லலாம் என்று விட்டார்கள். இறந்தவருக்குச் செய்யும் கிரியைகளும், வாய்விட்டு அழும் ஒப்பாரியும் துக்கத்தை வெளியே கொண்டுவரும் வழிகள் என்று மதித்தார்கள். உடல் கிடைக்காதவருக்குக் கிரியை செய்வது எப்படி என்ற கேள்வி, காணாமற்போனவர்களின் தாய்மாரிடம் இன்றுவரை ஆறாமல் நிற்கிறது. சோமசுந்தரம் பிற்காலத்தில் 'கூட்டு மனவடு' என்ற கருத்தை வலியுறுத்தியதற்கு இதுவே அடிப்படை. ஊரே உடைந்துபோன இடத்தில் ஒருவரை மட்டும் அறைக்குள் வைத்துக் குணப்படுத்திவிட முடியாது.

அந்தக் காயத்தோடு கடல் தாண்டியவர்கள் நம்மிடையேயும் வந்தார்கள். 1983-க்குப் பின் தமிழகம் வந்த ஈழ அகதிகளுக்காக, 1984-ல் சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைச் சென்னையில் தொடங்கினார். முகாம்களுக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதற்குப் பதிலாக, அகதிகளிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை அது உருவாக்கியது. முகாம்களின் பெயரை 2021-ல் அரசு மறுவாழ்வு முகாம்கள் என்று மாற்றியது. முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் பத்துக்குப் பத்து அறையில் வாழும் ஒருவருக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் பழைய போரா, இன்றைய நிச்சயமின்மையா என்பது எந்த ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் எளிதான கேள்வியன்று.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் நம் கரைக்கே வந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மாடம்பாக்கத்திலிருந்து பார்த்தால் கிழக்குக் கடற்கரை அதிகத் தொலைவில் இல்லை, கல்பாக்கமும் தப்பவில்லை. போபாலின் பாடம் இம்முறை வேகமாக நினைவுகூரப்பட்டது. பெங்களூரு நிறுவனமும் சென்னை ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகளும் உள்ளூர் இளைஞர்களையும் ஆசிரியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் பயிற்றுவித்தன. அதே நேரத்தில் 'ஆலோசனை' சொல்ல வெளியூர்க்காரர்களும் வந்து குவிந்தனர். நடந்ததை மறுபடி சொல், மறுபடி சொல் என்று ஒரே அமர்வில் அழவைத்துப் போவது பயன் தராது என்று ஆய்வுகள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தன. 2007-ல் பன்னாட்டு அமைப்புகளின் கூட்டு வழிகாட்டுதல் வந்தபோது, உணவும் உறைவிடமும் உறவும் பாதுகாப்பும் முதலில், தனிச் சிகிச்சை தேவைப்படும் சிலருக்கு மட்டும் அதற்குப் பின் என்ற வரிசை தெளிவாக எழுதப்பட்டது.

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நாகை மாவட்ட மீனவ ஊர்களில் மக்களோடு அமர்ந்து பேசி, 2008-ல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் தம் துயரத்தை நோயாகக் கருதவில்லை. ஊர்க்கட்டுப்பாடும் குடும்பமும் கடவுள் நம்பிக்கையும் தம்மைத் தாங்கின என்றார்கள். எல்லாத் துக்கத்துக்கும் நோயின் பெயரைச் சூட்டுவது மேலைநாட்டு ஏற்றுமதி என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, தானாகத் தேறாத சிறுபான்மையினரைக் கைவிடுவதும் நியாயமன்று. எல்லோரையும் நோயாளியாக்காமலும் எவரையும் தவறவிடாமலும் இருக்க, ஊரையும் ஆளையும் அறிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பக்கத்து மருத்துவரும் கிராம சுகாதார செவிலியருமே.

அவர் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பொது மருத்துவர்களுக்கென்றே இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான பொது மருத்துவ நிலையங்களில் ஐந்தே கேள்விகள் கொண்ட பட்டியல் பயன்படுகிறது: கெட்ட கனவு, தவிர்ப்பு, எப்போதும் விழிப்பு, மரத்துப்போதல், குற்றவுணர்வு. விடை 'ஆம்' என்றால் அது தீர்ப்பல்ல, பேச்சின் தொடக்கம். மருத்துவர் முதலில் செய்யக்கூடியது விளக்கம்: 'உங்களுக்குப் பைத்தியம் இல்லை, நடந்ததை உங்கள் உடம்பு இன்னும் விடவில்லை.' சொல்ல விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் வற்புறுத்தாதிருப்பது. குடி கூடியிருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, வீட்டில் இப்போதும் அடி விழுகிறதா என்று நேராகக் கேட்பது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் தூக்க மாத்திரையையும் பதற்ற மாத்திரையையும் எழுதும் பழக்கத்தைக் கைவிடுவது; அவை மனவடுவைத் தடுப்பதில்லை, அடிமையாக்கும் ஆபத்தே அதிகம். வாரங்கள் கடந்தும் தேறாதவருக்கு, அந்த நினைவையே மெல்ல மெல்ல எதிர்கொள்ளக் கற்பிக்கும் உளச்சிகிச்சை முதல் மருந்து. அது கிடைக்காத இடத்தில், அல்லது மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில், மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் சில உதவுகின்றன. எப்போது மேலிடத்துக்கு அனுப்புவது என்று அறிந்திருப்பதும் சிகிச்சையே.

2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடிக்கு ஏறிய குடும்பங்களில் சிலர் இன்றும் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இரவில் எழுந்து வாசற்படியில் தண்ணீரைப் பார்க்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் நவம்பரில் மார்பு படபடக்கிறது என்று மருத்துவரிடம் போனால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படும். 'வெள்ளத்தின்போது எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்கப்படுமா? விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற படைவீரரிடம், சாலை விபத்திலிருந்து பிழைத்த இளைஞரிடம், கணவனின் அடியை யாருக்கும் சொல்லாத பெண்ணிடம் அப்படியொரு கேள்வி போய்ச் சேருமா?

காகிதத்தில் பாதை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி மனநல உதவி கிடைக்கிறது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது மாடம்பாக்கம் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் நமக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இல்லாதது நேரம். காலையில் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தனி ஆள்.

காசநோய் விஷயத்தில் 1959-க்குப் பின் மருந்து வீட்டுக்கு வந்தது மட்டும் நிகழவில்லை. மாத்திரை தவறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, வீடு தேடி வரும் பணியாளரும் வந்தார். மனவடுவுக்கு மருத்துவர் வரையிலான பாதை போபாலிலிருந்து போடப்பட்டுவிட்டது. வீடு தேடி வந்து, உட்கார்ந்து, இரண்டாவது முறையும் கேட்கும் அந்தப் பணியாளர்தான் இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில், எறிகணை விழுந்துகொண்டிருந்த காலத்தில், கையில் ஒரு தமிழ்க் கையேட்டோடு அந்த வேலையைச் செய்தவர்கள் பள்ளி ஆசிரியர்களும் செவிலியரும். அவர்களை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும் நம்மிடம் அமைதியும் பணமும் மொழியும் இருக்கின்றன. நம் வார்டு உறுப்பினரிடம் தெருவிளக்கும் கழிவுநீர்க் கால்வாயும் கேட்கும் நாம், இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கலாம்.